ரயில் வாசலில் தம்பியைப் பிடித்திருந்தவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெறுங்கையோடு பெருங்களத்தூருக்கு வந்து கிணற்று உறை போடும் சிமெண்ட் பட்டறை வைத்தேன். தாம்பரம் கிழக்கே மனை வாங்கிக் குடிவந்தவர்களின் கிணறுகளில் பாதிக்கு மேல் என் உறைதான் நிற்கிறது. சேலையூரில் மாடி வீடு கட்டினேன். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன், தம்பியைப் படிக்க வைத்தேன். எவனும் கை கொடுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. அவன் நினைவாகப் போடும் மலரில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும் என்றாள் தம்பி மகள். இடுப்பில் தூக்கி வளர்த்தவனை அப்படி எழுத எனக்கு வரவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அனகாபுத்தூரில் தறி வீட்டில் பிறந்தவன் தம்பி. அப்பா போனபோது அவனுக்கு ஆறு வயது. கஞ்சி குடித்தே படித்தான், அரசாங்க ஆபீசில் குமாஸ்தா ஆனான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் ரயில். மிஷன் பள்ளி டிராயிங் மாஸ்டர் டேனியல் சாரும் அவனும் தாம்பரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து இஞ்சின் நம்பர்களை நோட்டில் குறிப்பார்கள். என் பட்டறைக்கு வருஷத்துக்கு ஒரு தரம் வருவான், ஸ்டேஷனுக்குத் தினமும் போவான். ரயிலில் போகும்போதாவது பார்க்கட்டும் என்றுதான் பட்டறை மதிலில் என் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தேன்.

செங்கல்பட்டு வரைக்கும் கரண்டு வண்டி வந்துவிட்ட பிறகும், அங்கிருந்து காஞ்சிபுரம் போகும் கிளைப் பாதையில் கரி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதில் போகப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

“இன்னாண்ணா, நீயும் வர்றியா? அங்க ஒண்ணும் கெடையாது. சும்மா கரி வண்டில போய்ட்டு வர்றோம்.”

“நான் வந்தா வண்டி ஓடாதா?”

டேனியல் சார் என் வேட்டியைப் பார்த்தார். “அண்ணே, சாயங்காலம் இந்த வெள்ளை இருக்காது.”

“எங்க வூட்ல சலவ சோப்பு கீது சார்” என்றேன்.

பெருங்களத்தூர் வந்ததும் தம்பியின் தோளைத் தட்டி, “அதோ பார்ரா பட்டறை” என்றேன். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நின்றது. இருவரும் அந்த ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். மதில் போய்விட்டது.

செங்கல்பட்டில் வண்டி மாறினோம். பாலூர் தாண்டி ஒரு வளைவு வரும், அங்கே வாசலில் நின்றால் இஞ்சின் முழுசாகத் தெரியும் என்றான் தம்பி. ஒரு கையில் நோட்டு, மறு கையில் பென்சில். டேனியல் சார் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தார், வேகம் கணக்கிட.

“அண்ணா, பெல்ட்ட கெட்டியா புடிச்சிக்கோ. வுட்றாத.”

“வுட்டா உம் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?”

பாதி உடம்பு வெளியே போய்விட்டது. இடது கையால் வாசல் கம்பியையும் வலது கையால் அவன் பெல்ட்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கரித்தூள் கண்ணில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை என் முகத்தைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. ஒரு இரும்பு வண்டியைப் பார்த்து வயிறு எரிந்தது எனக்கு.

காஞ்சிபுரத்தில் டிரைவர் இருவரையும் இஞ்சினில் ஏற்றிக் காட்டினார். நான் காலை வைத்ததும், “பெரியவரே, நீங்க கீழேயே இருங்க” என்றார். மூன்று மாடிச் சாரம் ஏறியவனைப் பார்த்து. கறுத்த வேட்டியோடு பிளாட்பாரத்தில் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும் டேனியல் சார் வந்தால் தம்பி எழுந்து உட்காருவான். நான் போனால், “பட்டறைய வுட்டுட்டு ஏண்ணா வந்த?” என்பான்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், சோறு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டேனியல் சாருக்கும் நன்றி. ஒரு நாள் தவறாமல் வந்தார், இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் இதே மலரில் அவர், “நாங்கள் இருவரும் காஞ்சிபுரம் சென்றோம்” என்று எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் தம்பியின் நோட்டிலிருந்து அந்த நாளின் குறிப்பை அச்சடிக்கிறார்கள். இஞ்சின் நம்பர் இருக்கிறது, டிரைவர் பெயர் இருக்கிறது. ‘உடன்: டேனியல்’ என்று இருக்கிறது. நான் இல்லை.

தம்பி மகளே, அந்தப் பக்கத்தை நன்றாகப் பார். ‘வாசலில் நின்று எழுதியது’ என்று உன் அப்பனே குறித்திருக்கிறான். ஓடுகிற வண்டியில் இரண்டு கையும் நோட்டுக்கும் பென்சிலுக்கும் போனால், அவன் விழாமல் நின்றது எப்படி? அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துப் போடு, பெரிய எழுத்தில்: பிடித்துக்கொண்டிருந்தவர், அண்ணன்.