சகலருக்காக மறைத்து வைத்த பெட்டி

என் மனைவியின் தங்கையை மணந்தவர், அதாவது என் சகலர், தங்கவயல் சுரங்கத்தில் அடிநில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காமல் ஓராண்டு காத்திருந்தேன். அவ்வாண்டு எனக்கு நன்றாகவே கழிந்தது.

பெங்களூரிலிருந்து குளிர்கால விடுமுறைக்கு வரும் என் பேத்தியும் அவருடைய பேரனும் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டில் பித்துக் கொண்டவர்கள். ஒருவர் சிறு பெட்டியொன்றை வெட்டவெளியில் எங்கேனும் மறைத்து வைப்பார். அவ்விடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை வலைத்தளத்தில் இடுவார். மற்றவர் கைப்பேசியை ஏந்திச் சென்று கண்டெடுத்து, உள்ளிருக்கும் தாள்சுருளில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார். பரிசு என்று எதுவும் இல்லை. மறைபொருள் வேட்டை என்று நான் அதற்கொரு பெயர் சூட்டினேன். பிள்ளைகள் அப்பெயரை ஒருமுறை மரியாதைக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள்.

முந்தைய மார்கழியில், தாம் ஒரு பெட்டியை மறைத்திருப்பதாகச் சொல்லிச் சகலர் எங்களுக்கு எண்களைத் தந்தார். "தலைமை நீங்கதான் தாங்கணும் புலவரே," என்றார். தமிழாசிரியனாக இருந்த என்னை அவர் புலவரே என்றுதான் அழைப்பார். அச்சொல்லில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க இயலவில்லை. எண்கள் பூதிகோட்டைச் சாலையோரத்துப் பாறையொன்றைக் காட்டின. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலை முழுதும் அப்பாறையைச் சுற்றினேன். முள்ளில் வேட்டி கிழிந்தது. இறுதியில், பெட்டி களவு போய்விட்டது என்று அறிவித்து, பிறர்பொருள் கவர்தலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சற்று விரிவாகவே எடுத்துரைத்தேன்.

அவ்வேளையில் சகலர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"இன்னா புலவரே, கெடச்சிதா?"

"களவு போயிற்று."

"யாரு தூக்கினு போனான்னு நான் சொல்லட்டா? தோள்ல மாட்டிகினு கீறீங்களே, அந்தப் பையைத் தொறங்க."

பெட்டி என் பையில் இருந்தது. காலையில் அவர் வீட்டில் நான் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவரே அதை உள்ளே இட்டிருக்கிறார். விளையாட்டின் விதிகளுக்கு அது முற்றிலும் புறம்பானது. ஆனால் விதியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? களவு பற்றிய என் சொற்பொழிவு உட்பட அனைத்தையும் அவருடைய பேரன் காணொளியாக எடுத்திருந்தான்.

அதன்பின் எந்த நிச்சயதார்த்தத்திலும் எந்தப் புதுமனை புகுவிழாவிலும் அக்கதையைச் சகலர் சொல்லாமல் விட்டதில்லை. ஒரு பதினாறாம் நாள் காரியத்தில்கூடச் சொன்னார். துக்க வீடு சிரித்தது. என் வியந்த முகத்தை வெட்டியெடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். பங்காருபேட்டை ரயில் நிலையத்தில் என் பழைய மாணவர் ஒருவர், இப்போது பேரப்பிள்ளை கண்டவர், என்னை வணங்கிவிட்டு, "பையைப் பாத்துக்குங்க ஐயா," என்று நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். அன்றுதான் முடிவு செய்தேன். இக்கதை என் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இதைச் சொல்லும் வாயை அடைத்தாலன்றி என் பெயர் எனக்குத் திரும்பாது.

பகைவனைப் பழிவாங்கும் முன் அவனைப் பயிலவேண்டும். சகலரின் பேச்சை முன்னெப்போதும் கேட்டிராத கவனத்தோடு கேட்கலானேன். சுரங்கத்தினுள் ஆழத்துக்கு ஆழம் குடைந்த தளங்களை லெவல் என்பார்கள்; ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டைக் கேஜ் என்பார்கள். உள்ளே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், விடை லெவலில்தான் தொடங்கும். ஒருநாள் சகலர் என் பேத்தியிடம் சொன்னார்: "கேஜ் ஏறி மேல வந்துட்டா லெவலு எல்லாம் கெடையாது கண்ணு. மேல எல்லாம் ஒரே தட்ட. கண்ணுக்குத் தெரியறதுதான் ஊரு." நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மைசூர் மைன்ஸ் பக்கம், தைலமரங்களைத் தாண்டி, பழைய ஓடையொன்றின் குறுக்கே சிறு கல்பாலம் உண்டு. மழை ஓய்ந்தபின் அடியில் நீர் இராது. பாலத்தின் வளைவுக்குள், நடுக்கல்லின் இடுக்கில் பெட்டியைச் செருகினேன். கைப்பேசி இடத்தைச் சொல்லுமேயன்றி, மேலா கீழா என்று சொல்லாது. எண்களில் பிழையில்லை. விதியில் மீறலில்லை. வலைத்தளம் ஒரு குறிப்பும் கேட்டது. அதையும் நேர்மையாகவே எழுதினேன்: 'உம் தொழிலை நினைக.'

எண்களைச் சகலரிடம் தந்தேன். மார்கழிப் பனி விலகாத காலையில் அவரும் நானும் பிள்ளைகள் இருவருமாகப் புறப்பட்டோம். தங்கம் பிரித்த கழிவுமண் மலையாய்க் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெண்துகளை அள்ளிக்கொண்டு வாடை வீசியது. தேடுவது சகலர் ஒருவரே, பிள்ளைகள் உதவலாகாது என்பது ஏற்பாடு. அதை முன்மொழிந்தவரும் அவரே. குரங்குக் குல்லாயும் கம்பளிச் சட்டையுமாக விரைந்து நடந்து, பாலத்தின் நடுவில் போய் நின்றார்.

"தாத்தா, ஜீரோ மீட்டர் காட்டுது. இங்கதான்," என்றான் பேரன்.

"காட்டாம இன்னா செய்யும்? நான் வந்து நின்னா பாயிண்ட்டு தானா கால் கீழ வந்துரும்."

அவர் சொன்னது முழு உண்மை. சிரிப்பை அடக்க நான் மேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"குறிப்பு இன்னா போட்டிருக்குது, படி."

என் பேத்தி படித்தாள். சகலர் மார்பை நிமிர்த்தினார். "பாத்தியா? எதிரிகூட நம்ம தொழிலுக்கு மரியாத குடுக்கறாரு."

கைப்பிடிச் சுவரின் கல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். தைலமரப் பொந்தில் கைவிட்டார். மரத்திலிருந்து சுவர்வரை காலடியால் அளந்து, குச்சியால் மண்ணில் கோடிட்டு, கணக்குப் போட்டு, மீண்டும் அதே நடுவிடத்தில் வந்து நின்றார். நான் ஒரு பாறையில் அமர்ந்து பிளாஸ்கைத் திறந்து காப்பி அருந்தினேன்.

"புலவரே, உங்க பையைக் காட்டுங்க."

இதற்காகவே அப்பையைக் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன்: மூக்குக்கண்ணாடிக் கூடு, சால்வை, கைக்குட்டை. பிறகு பையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"தெரியவில்லை என்று ஒரு சொல் சொல்லுங்கள் தம்பி. உடனே காட்டிவிடுகிறேன்."

"அந்த வார்த்த என் வாயில வராது."

வெயில் ஏறியது. குல்லாயைக் கழற்றினார். என் பேத்திக்கு விளங்கிவிட்டது. பாலத்தின் விளிம்புக்கு நகர்ந்தவளை நான் ஒரு பார்வை பார்த்தேன். திரும்பி வந்து என் காதருகே குனிந்தாள்.

"பாவம் தாத்தா. இன்னொரு க்ளூ குடுத்துருங்களேன்."

"போன வருஷம் எனக்கு யாரம்மா குடுத்தா? நீ படம் பிடி."

சகலர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "தெர்ல," என்றார்.

"காற்றில் கேட்கவில்லை தம்பி."

"தெர்ல புலவரே! தெர்ல! போதுமா?"

நான் எழுந்து சென்று, கைத்தடியால் அவர் காலடியிலிருந்த கல்லைத் தட்டினேன்.

"எந்த லெவல் தம்பி?"

அவர் கல்லைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாழ்நாளெல்லாம் நிலத்தடியில் புள்ளி வைத்தவர், தாம் நின்ற தளத்தின் அடியைப் பாராமல் ஒரு முற்பகலைக் கழித்திருந்தார். பேரன் ஓடைக்குள் குதித்துப் பெட்டியை எடுத்துவந்தான். தாள்சுருளையும் எழுதுகோலையும் தாத்தாவிடம் நீட்டினான்.

"நான் கண்டுபுடிக்கல," என்றார் சகலர். "நீ போடு."

திரும்பும் வழியில் எங்களுக்கு வெகுதூரம் முன்னே, தனியாக நடந்தார்.

தை மாதம் பங்காருபேட்டையில் உறவினர் வீட்டுத் திருமணம். பந்தியில் அவருக்கும் எனக்கும் இடையே இரண்டு இலைகள். எதிர்வரிசையில், அவரோடு ஒரே ஷிப்டில் வேலைபார்த்த பழைய தோழர்கள். அவர்களில் ஒருவர், "பை கதைய எடுத்து வுடுப்பா," என்று கேட்டார். சகலர் வாய் திறக்குமுன், என் பேத்தியின் கைப்பேசி வரிசையின் மறுகோடியிலிருந்து கைமாறி வந்துகொண்டிருந்தது. அதை அனுப்பி வைக்கச் சொன்னவன் நான்தான். பார்த்தவர் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஒருபோதும் சிரிக்காத மனிதர்கள். "எந்த லெவலுடா மச்சான்?" என்று ஒருவர் கேட்டதும் மண்டபமே அதிர்ந்தது.

சகலர் சிரிக்கவில்லை. தம் தோழர்களைப் பார்த்தார். சோறு மிச்சமிருக்கும்போதே இலையை மடித்து எழுந்தார். பாயசம் இன்னும் வரவில்லை.

"உட்காருங்கள் தம்பி" என்று நான் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். நான் அவருக்கு மூத்தவன். என் சொல்லை மீறியதில்லை. அவர் கை கழுவும் இடத்தைத் தாண்டி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாயிலில் நின்றவர்களிடம் விடைபெறாமல் தெருவில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாயசத் தூக்கோடு பரிமாறுபவர் என் முன் வந்து நின்றார். இலையைச் சற்று முன்னே இழுத்துக்கொண்டு, "தாராளமாக ஊற்றப்பா," என்றேன்.