கண்ணை மூடாமல் செய்த செபம்

அன்புள்ள பங்கு மக்களே, வியாழன் நவநாள் செபத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காரப் பலருக்கு விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் சிடுசிடுப்பவன். பாட்டுக்கு நடுவில் மின்விசிறி எத்தனை ஓடுகிறது என்று எண்ணுகிறவன். அப்படிப்பட்டவனுக்கும் ஆண்டவர் செவிகொடுத்தார். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் மனைவி பிலோமினாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். விவேக் நகரிலிருந்து ஆஸ்பத்திரி தூரமில்லை, அதுதான் தொல்லை. பக்கத்து சவாரி என்றால் ஆட்டோக்காரர்களுக்குக் கசக்கிறது. போனில் பதிவு செய்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்கிறார்கள். போன வருடம் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு ஆட்டோக்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. எட்டாவது நின்றது. பிலோமினாவின் வீங்கிய கால்களைப் பார்த்து டிரைவர் சொன்னான்: "ஹாஸ்பிடல் கேஸா? வேணாம் சார். போன வாரம் ஒரு அம்மா வண்டியிலயே வாந்தி எடுத்துட்டாங்க."

அன்று டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் அவளால் படுக்க முடியவில்லை. மூச்சு முட்டி, உட்கார்ந்தே இருந்தாள். எனக்கு ஆட்டோக்காரர்கள் மேல் கோபம், துபாயில் இருக்கும் மகன் மேல் கோபம், கடவுள் மேலும் கோபம். நம் கோவிலில் குழந்தை இயேசு சுரூபத்தின் முன் நின்று கறாராகக் கேட்டேன்: "யார் தயவும் இல்லாமல் இவளை நானே கொண்டுபோய் வர வழி செய்யும்."

'யார் தயவும்' என்று நான் சொன்னது ஒருவனை நினைத்து. பிலோமினாவின் தம்பி அருளப்பன், ஜோகுபாளையத்தில் இருக்கிறான். என் மகள் கல்யாணப் பந்தியில் நான் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, "கணக்குப்பிள்ளை வர்றாரு, ரெண்டாவது வடை வாங்கினவங்க ஒளிச்சு வைங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தவன். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது.

மகன் விட்டுப்போன கார் வாசலில் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் என் லைசென்ஸ் காலாவதியாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டதால், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். முதலில் விண்ணப்பம், பிறகு கம்ப்யூட்டரில் சாலை விதித் தேர்வு, அதில் தேறினால்தான் பழகுநர் உரிமம். மருத்துவச் சான்றிதழுக்குப் போனால் டாக்டர், "இந்த வயசுல எதுக்கு சார் ரிஸ்க்?" என்று கேட்டார். கையெழுத்து வாங்கத்தான் வந்தேன், அறிவுரைக்கு அல்ல என்றேன்.

விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன். எங்கள் தெருக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து தேர்வைத் தொடங்கினேன். பதினைந்து கேள்விகள். நாம் வேறு ஆளை வைத்து எழுதாமல் இருக்க, கேமரா நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது கேள்வியில் திரை நின்றுவிட்டது. தேர்வு ரத்து. "அடிக்கடி ஆடுறீங்க போல தாத்தா" என்றாள் அங்கிருந்த பெண். நான் உனக்குத் தாத்தா இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மறு வாரம் மறுபடி போனேன். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. இந்த முறை இரண்டாவது கேள்வியிலேயே ரத்து.

வீட்டுக்கு வந்து கத்தினேன். இந்த அரசாங்கம், அந்தப் பெட்டி, அந்தப் பெண், எல்லாரையும் திட்டினேன். பிலோமினா தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள்: "கேள்வி வந்ததும் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? செபம் பண்ணேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"பின்ன?"

"சிலுவையும் போட்டீங்களா?"

"ஒவ்வொரு கேள்விக்கும் போட்டேன்."

அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "மாத்திரை போடறதுக்கே கண்ண மூடி ஒரு நிமிஷம் நிக்கற ஆளு நீங்க. தலைய குனிஞ்சு, கைய மூஞ்சிக்கு குறுக்க கொண்டுபோனா, ஆளே இல்லன்னுதானே அந்தக் கேமரா நெனச்சுக்கும்? கண்ணத் தொறந்து வேண்டிக்குங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

எழுபது வயதில் கண்ணைத் திறந்து செபிக்கப் பழகினேன். எளிதல்ல. திறந்த கண்ணுக்கு முன்னால் நமக்குப் பிடிக்காததெல்லாம் நிற்கும்.

மூன்றாவது முறை திரை நிற்கவில்லை. சில கேள்விகளில் சறுக்கினேன். கடைசிக் கேள்வி வந்தபோது, தேற இன்னும் ஒரே ஒரு சரியான விடை வேண்டியிருந்தது. கேள்வி இதுதான்: பழகுநர் உரிமம் உள்ளவர் எப்போது கார் ஓட்டலாம்?

விடை எனக்குத் தெரியும். முழு உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த விதியைப் படித்தபோதே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இப்போது அது என் கண்ணுக்கு நேரே நின்றது. கண்ணை மூடவும் முடியாது. உரிமம் வைத்திருந்து, பகலில் வேலை இல்லாமல், பிலோமினாவுக்காக வரக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். "யார் தயவும் இல்லாமல் என்றுதானே கேட்டேன்?" என்று ஆண்டவரிடம் மனதுக்குள் சண்டை போட்டேன். நேரம் ஓடியது. சரியான விடையை அழுத்தினேன். தேறினேன்.

அன்று மாலையே ஜோகுபாளையம் போனேன். அருளப்பன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கால் ஆபரேஷன் ஆனவன்.

"என்ன மாமா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"உன் லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு. கிளட்ச் மிதிக்கத்தான் காலு இல்ல."

"கால் எனக்கு இருக்கு."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரைவர். அக்காவுக்குத்தானே? எத்தன மணிக்கு வரணும்?"

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. பிலோமினா படுத்துத் தூங்குகிறாள். அவன் முன் சீட்டில் ஹேண்ட் பிரேக் மேல் கை வைத்துக்கொண்டு, "கணக்குப்பிள்ளை, கியர எண்ணிப் போடுங்க" என்கிறான். எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பின் சீட்டில் அவள் சிரிப்பது கேட்கிறது. அதற்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

நான் கேட்டபடி ஆண்டவர் தரவில்லை. கேட்டதைவிட அதிகமாகத் தந்தார். நான் வேண்டாம் என்றவனையும் சேர்த்துத் தந்தார். உங்களுக்கும் வழி அடைபட்டிருந்தால் அவரிடம் கேளுங்கள். வரும் ஆளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொன்று. செவ்வாய், வெள்ளி காலையில் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டிய கார் நம் தெருவில் மெதுவாக வந்தால், பின்னாலிருந்து ஹார்ன் அடிக்காதீர்கள். எங்கள் மூவருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள். நீங்களும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், கண்ணைத் திறந்துகொண்டே சொல்லுங்கள்.