மூன்றாம் முறை தயிர்சாதம்

தொண்ணூற்றெட்டில் டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் எங்களுக்கு ஒரே ஒரு கார்தான். அது திங்கட்கிழமை விடிந்ததும் என் வீட்டுக்காரரோடு ஏர்போர்ட்டுக்குப் போய், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரோடு திரும்பி வரும். நடுவில், வேலை பார்க்க அனுமதியில்லாத மனைவி விசாவில் வந்த நான் அபார்ட்மென்டில். எங்கள் பக்கத்தில் நடைபாதை கிடையாது, பஸ் கிடையாது. “H-4 விசான்னா நாலு சுவருன்னு அர்த்தம்மா,” என்று கீழ்வீட்டு சென்னை அங்கிள் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். கதவைச் சாத்தின பிறகு சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் டிரைவிங் டெஸ்டுக்கு அப்படி ஆசைப்பட்டேன். ஐந்து வாரம் காத்திருந்து தேதி கிடைத்தது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. வண்டியும், லைசென்ஸ் உள்ள ஆளும் நாமேதான் கொண்டுபோக வேண்டும். பார்க்கிங் லாட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பெண், “நான் கூட்டிட்டுப் போறேன்க்கா, என் காரையே ஓட்டுங்க,” என்றாள். மதுரைக்காரி, டாக்டர் வீட்டுப் பெண். ஃப்ரீவேயில் லாரிகளை முந்திக்கொண்டு போகிறவள்.

அவள் வாழ்க்கைப்பட்டது தெற்கே ஒரு சின்ன ஜமீன் குடும்பத்தில். கல்யாணமாகி இருபதாம் நாள் அமெரிக்கா வந்துவிட்டாள். அரண்மனையை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த வருஷம் மாமியார் ஆறு மாதத்துக்கு வந்தார். அரண்மனையும் கூடவே வந்து இரண்டு பெட்ரூமுக்குள் இறங்கிவிட்டது.

டெஸ்ட் அன்று பதினொன்றரைக்கே போய்விட்டேன். அவள் வாசலிலேயே என்னை மடக்கினாள்.

“அக்கா, அத்தை உங்களைச் சாப்பிடச் சொல்றாங்க. மறுக்கக்கூடாது. அவங்க எந்திரிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக்கூடாது. அவங்களா கேட்டாத்தான் பேசணும். ப்ளீஸ்க்கா.”

“நானு பேசாம இருக்கோணுமா? ஏன் கண்ணு, உனக்கே நியாயமா இருக்குதா?”

“ஒரு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்க்கா.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் பெருமைதான். தாராபுரத்தில் ஆணிக்கடை வைத்திருந்தவர் மகள், ராஜா வீட்டு அம்மாவோடு ஒரே மேஜையில் சாப்பிடப் போகிறேன். ‘வளர்ப்பு தெரிந்த பெண்’ என்று அவர் நினைத்தால் நன்றாகத்தானே இருக்கும்?

அம்மா வந்து உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவே இல்லை. அவர் கை வைத்த பிறகு நாங்கள் கை வைத்தோம். மெல்லப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். அரண்மனையில் பெரியவர் முன்னிலையில் முதுகைக் காட்டக்கூடாதாம், கணக்கப்பிள்ளை பின்பக்கமாகவே நடந்து வெளியே போவாராம். “ஒருநா போயி அண்டாவுக்குள்ள உக்காந்துட்டாரு,” என்றார். நான் பலமாகச் சிரித்துவிட்டேன். மருமகள் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

மைக்ரோவேவ் ஓவனில் பச்சை எழுத்தில் 12:50. என் தட்டு காலி. அம்மா தட்டும் காலி. ஆனால் அவர் எழவில்லை.

“தாயிக்கு ரசம் ஊத்து,” என்றார். ஊற்றினாள். குடித்தேன்.

1:10. “தயிரு போடு.” சாப்பிட்டேன். அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையுமா என்று.

1:25. “இன்னுங் கொஞ்சம் போடு. கூச்சப்படுது பிள்ளை.”

லைசென்ஸ் ஆபீசுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஜன்னல் வழியே அவளுடைய நீலக் கார் வெயிலில் நிற்பது தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, ‘அம்மா, எனக்கு ஒரு வேலை இருக்குதுங்க’ என்று. அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். நான் போய்விடுவேன், அவள் இன்னும் மூன்று மாதம் மாமியாரோடு அந்த வீட்டில் இருக்க வேண்டும். மூன்றாம் முறை தயிர்சாதத்தைப் பிசைந்தேன். கை காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. வயிறு கல்லாகிவிட்டது. நான்கு சுவரைத் தாண்டுவதற்காக வந்து, இன்னொரு நான்கு சுவருக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

1:40. 1:52. இரண்டு மணி. இரண்டே கால்.

மருமகளின் கண்ணீர் ஒரு சொட்டு தட்டில் விழுந்தது.

“என்னத்துக்கு அழுகுற?”

“அக்காவுக்கு ரெண்டு மணிக்கு டிரைவிங் டெஸ்ட், அத்தை. போச்சு.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதை வாயத் தொறந்து சொல்லுறதுக்கு என்ன தாயி?”

“நீங்க கேக்காமப் பேசக்கூடாது, நீங்க எந்திரிக்காம நாங்க எந்திரிக்கக்கூடாதுங்களேம்மா.”

“அது வீட்டுப் பிள்ளைகளுக்கு. விருந்தாளி உத்தரவு கேக்காம நான் எப்படி எந்திரிப்பேன்? உன்னை விரட்டுன மாதிரி ஆகிருமே! நீ எந்திரிக்கக் காணோம், வயிறு நெறயலையாக்கும்னு நானும் போடச் சொல்லிக்கிட்டே இருக்கேன். எனக்கு முழங்கால் ரெண்டும் செத்துப்போச்சு.”

முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். “அங்கன பந்தியோரமா ஒரு ஆளு நிப்பான். விருந்தாளி தட்டு காலியானா ‘வண்டி வந்திருச்சு’ம்பான். வண்டி வராட்டியும் சொல்லுவான். எல்லாரும் எந்திரிச்சிருவோம். அவன் வேலையே அதுதான். இங்க அவன் இல்லையே.”

மருமகள் கையைக் கழுவிவிட்டு லைசென்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணினாள். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான்.

“நான் வரட்டுங்களாம்மா?” என்று கேட்டேன்.

“போயிட்டு வா தாயி,” என்றார். எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அவர் கை என் தோளை இறுக்கமாகப் பற்றியிருந்தது. வெகுநேரம் விடவில்லை.

பார்க்கிங் லாட்டைக் கடக்க நாற்பது தப்படி. அந்த நாற்பது தப்படிக்குத்தான் எனக்கு உத்தரவு கிடைத்தது. கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் பண்ணினார். “என்ன, பாஸா?”

“வயிறு நெறையச் சாப்பிட்டேனுங்க,” என்றேன்.