கோட்டுக்கு வடக்கே

என் நாத்தனார் பூர்ணிமா கடலைக் கணினிக்குள் வைத்துப் பார்க்கிற வேலை செய்கிறாள். காற்று, அலை, நீரோட்டம் எல்லாவற்றையும் எண்களாகக் கொடுத்துவிட்டால், கரையில் கல் கொட்டினால் வருங்காலத்தில் மணல் எங்கே சேரும், எங்கே கரையும் என்று அது வண்ணம் வண்ணமாகக் காட்டும். சிமுலேஷன் என்பார்கள். கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டிலிருந்து இந்தப் படிப்புப் படித்தவள் அவள் ஒருத்திதான். படிக்க வைத்தது அவள் அண்ணன், என் வீட்டுக்காரர் கண்ணையன். தங்கச்சி பேச்சை எடுத்தால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு ரிசார்ட் கம்பெனி கடலோரமாக இடம் வாங்கியது. அலை தங்கள் இடத்தை அரிக்கக் கூடாது என்று, இடம் முடிகிறவரை வரிசையாகத் தூண்டில் வளைவு போட அனுமதி கேட்டது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டுவதைத்தான் அப்படிச் சொல்வது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வழியில் கல் நின்றால் மணல் அங்கேயே தங்கிவிடும், கடைசிக் கல்லுக்கு அப்பால் இருப்பவன் கரையைக் கடல் தின்னும். கடைசிக் கல்லுக்கு அப்பால் இருந்தது நாங்கள்.

ஆய்வு வேலை டவுனில் பூர்ணிமாவின் ஆபீசுக்கு வந்தது. கணினிக்குள் கடல் எங்கே முடிய வேண்டும் என்று மனிதர்தான் கோடு போட வேண்டுமாம். கம்பெனி கேட்ட கோடு கடைசிக் கல்லோடு முடிந்தது. பூர்ணிமா ஒருமுறை அந்தக் கோட்டை வடக்கே தள்ளி ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எங்கள் தெரு முழுக்கச் சிவப்பு, கடல் அரிக்கப்போகிற இடத்துக்கான நிறம். பதறிப்போய் மேலாளர் இளஞ்செழியனிடம் காட்டியிருக்கிறாள்.

"அவங்க கேக்காத எடத்துக்கு நீ ஏம்மா பதில் சொல்ற? கோட்டப் பழையபடி வையி" என்றாராம்.

இவளும் வைத்தாள். வேலை போய்விடுமோ என்று பயம். இதையெல்லாம் எங்களிடம் பிறகுதான் சொன்னாள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில், ஊர்ப் பெண் என்பதால் அவளையே மேடையேற்றினார்கள். முன்வரிசையில் பஞ்சாயத்தார்.

"ஆய்வு செஞ்ச பகுதியில பெரிய பாதிப்பு இல்லைங்க" என்றாள்.

அதில் பொய் இல்லை. பொய் வராமல் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பேச்சு அது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பஞ்சாயத்தில் மூத்தவரான பாவாடை எழுந்தார். "நம்ம ஊருக்கு ஒண்ணும் ஆவாதே, பொண்ணு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "என் தங்கச்சி கணக்கு போட்டிருக்கா. பொறந்த ஊரக் கடல்ல உடுவாளா? வேற பேச்சு எதுக்கு?"

ஊரே கைதட்டியது. பூர்ணிமா தண்ணீர் குடித்தாள். ஊர் சம்மதித்தது.

கல் கொட்டி முடித்த முதல் மழைக்காலத்தில் படகு ஏற்றும் மணல் போனது. அடுத்த மழைக்காலத்தில் வீட்டின் பின்சுவர் விழுந்தது, மறுநாள் வீடே இல்லை. சட்டி பானையோடு டவுனுக்கு, கதிர்காமத்தில் பூர்ணிமாவின் வாடகை வீட்டுக்கு வந்தோம். எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அந்தப் படத்தக் காட்டு."

மடிக்கணினியைத் திறந்தாள். நீலமும் பச்சையுமாகக் கடல், கரை, வரிசையாகக் கற்கள்.

"நம்ம வீடு எங்க?"

"இதுல இல்லண்ணா."

"கோயிலு?"

"இல்ல."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எந்த எடத்துல எங்கள வெட்டுன, அத மட்டும் காட்டு."

பூர்ணிமா படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.