வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை

புங்குடுதீவில், மடத்துவெளியில், எங்கள் ஒழுங்கையில் எட்டு வீடுகள் இருக்கின்றன. ஏழு பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றில் நான் இருக்கிறேன். ஏழு வீட்டுத் திறப்புகளும் என்னிடம்தான். வீட்டுக்காரர் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் எனக்குச் சொந்தக்காரர். முந்தித் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்திருந்த குடும்பங்கள், இப்போது கனடா, பாரிஸ், லண்டன் என்று இருக்கிறார்கள். போகும்போது எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்கள். வெள்ளிக்கிழமையில் வீடு விளக்கில்லாமல் கிடக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைக்கென்று தொடங்கியது நாளடைவில் தினமும் ஆகிவிட்டது. பொழுதுபடுகிற நேரம் திறப்புக் கோர்வையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வீட்டிலும் முன் லைற்றைப் போடுவேன். வெள்ளியென்றால் சாமியறை விளக்கும் ஏற்றுவேன். காலையில் போய் அணைப்பேன். கள்ளருக்குப் பயந்து போடுகிறேன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லுவேன். உண்மை அதுவல்ல. என் வாசல் படலையில் நின்று பார்க்கும்போது ஒழுங்கை நெடுக வெளிச்சம் தெரிந்தால் இரவு எனக்குச் சோறு இறங்கும். இருட்டாக இருந்தால் இறங்காது. தனிமை பொல்லாதது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, அதை அறியாதவர்களுக்கு விளங்கப்படுத்தத்தான் பஞ்சியும் அலுப்புமாக இருக்கிறது.

எங்கள் ஒழுங்கை பள்ளம். மாரியில் மழை பிடித்தால் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். கடலும் ஏறினால் இடுப்புக்கு வரும். ஒரு புயலின்போது மேசைக்கு மேல் கதிரையை வைத்து, அதற்கு மேல் நான் இருந்தேன். கனடாவில் இருக்கிற அண்ணை ரெலிபோனில் ஏசிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்.

“மழைக்குள்ளயும் உன்ரை படலைக்கு ஒரு வாகனம் வருமெண்டால் அங்கை இரு. இல்லாட்டி வெள்ளவத்தை பிளாற்றுக்குப் போ. நானும் இஞ்சை நித்திரை கொள்ள வேணும்.”

நான் ஓம் என்றேன். கொழும்பில் அண்ணை வாங்கிப் போட்டிருக்கிற அந்தப் பிளாட் எனக்குத் தெரியும். ஐந்தாம் மாடி. யன்னலைத் திறந்தால் பக்கத்துப் பிளாட்டின் யன்னல். இரவில் அங்கே ஆயிரம் வெளிச்சம் தெரியும், ஒன்றுகூட என் கையால் போட்டதாக இராது.

அதற்குப் பிறகுதான் தீவுகளுக்கான திட்டம் என்று ஒன்று வந்தது. புயலிலும் வெள்ளத்திலும் பஸ்ஸும் அம்புலன்சும் ஓடக்கூடியதாக வீதிகளை உயர்த்துவது, மதகுகளைப் பெரிதாக்குவது, மேடான இடத்தில் ஒரு பாதுகாப்பு மண்டபம் கட்டுவது. இதற்கு ஆலோசனை சொல்ல ஜப்பானிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். அறுபதை அண்டிய மனிதர். அவர் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் சொல்ல, திட்டமிடல் கந்தோரிலிருந்து ஒரு தம்பியும் கூட வந்தான்.

இருவரும் ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார்கள். ஜப்பான்காரர் சப்பாத்தைக் கழற்றி, முனை வாசலைப் பார்த்தபடி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். குசினிச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைக் காட்டினேன். குந்தியிருந்து அளந்தார். பிறகு தேத்தண்ணி கொடுத்தேன். அதைக் குடித்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னார்.

“அவரின்ரை ஊரும் இப்பிடித்தானாம் அக்கா,” என்றான் தம்பி.

மலைக்கும் கடலுக்கும் நடுவில் கொஞ்சம் நிலம். நிலநடுக்கம், மண்சரிவு, கடற்கோள் எல்லாம் உண்டு. ஊருக்கு ஒரே ஒரு ஒடுங்கிய பாதை. அது உடைந்தால் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாது. ஆகவே மலையைக் குடைந்து, எதற்கும் அசையாத பெரிய வீதி ஒன்று போட்டார்கள். இவரே அதில் வேலை செய்தவர்.

“பிறகென்ன, நல்லதுதானே?” என்றேன்.

தம்பி கேட்டுச் சொன்னான். “அந்த றோட்டாலைதான் எல்லாரும் வெளிக்கிட்டுப் போட்டினமாம். இப்ப அவரின்ரை அம்மாவும் இன்னும் கொஞ்சப் பேரும்தான் இருக்கினமாம்.”

ஜப்பான்காரர் கோப்பையைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஆட்களுக்குப் போவதற்கு வீதியே தேவைப்படவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மொழிபெயர்க்கிற பிள்ளை பாவம் என்று விட்டுவிட்டேன். அவர்கள் போன பிறகு அவருடைய தாயைப் பற்றி யோசித்தேன். பாஷை தெரியாத, முகம் தெரியாத அந்த மனுசியுடன் எனக்குக் கதைக்க வேண்டும்போல் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவரில் ஊரின் வரைபடம் தொங்கியது. முதலில் உயர்த்தப்போகிற பாதைகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருந்தார்கள். எங்கள் ஒழுங்கை மஞ்சளாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணைக்கு என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் வசனம் கட்டத் தொடங்கிவிட்டேன்.

அப்போது தம்பி விளக்கம் சொன்னான். ஊர்ப் பதிவுகளில் வெளிநாட்டுக்குப் போனவர்களின் பெயர்களும் வெட்டப்படாமல் கிடக்கின்றன. அதை வைத்து ஆள்கணக்கு எடுக்க ஏலாது என்று ஜப்பான்காரர் சொல்லியிருக்கிறார். பகலில் போனால் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

“அதாலை பொழுதுபட்டாப் பிறகு மெயின் றோட்டாலை வந்து, லைற் எரியிற வீடுகளைப் பாத்தனாங்கள். இந்த ஒழுங்கையிலை எட்டு வீட்டிலும் ஆக்கள் இருக்கினம்.”

எட்டில் ஏழு வெளிச்சம் நான் போட்டது.

வரைபடத்தைத் திரும்பப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம், பனைக்கூடலுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கைக்கு நிறமே இல்லை. அங்கே மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கின்றன. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, பிறத்தியார் காணியில் கொட்டில் போட்டவர்கள். கறண்ட் இல்லை. குப்பிவிளக்கு வெளிச்சம் பனைகளைத் தாண்டி வீதிக்குத் தெரியாது. அந்த ஒழுங்கைப் பெண் ஒருத்தி கடைசி வரிசை வாங்கில், இடுப்பில் ஒரு குழந்தையும் வயிற்றில் ஒன்றுமாக இருந்தாள். அவளும் வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பெரிய நீதிமான் ஒன்றுமில்லை. பேசாமல் இருந்தால் என்ன என்று என் வாங்கில் இருந்து நன்றாகவே யோசித்தேன். நான் பொய் சொல்லவில்லையே, அவர்களே பார்த்து அவர்களே எண்ணியதுதானே என்று எனக்கு நானே வழக்காடினேன். மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு உண்மை தெரியும். ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு ஒரு வீதி கிடைத்தால் கிடைக்கட்டும் என்று விட்டார்களோ என்னவோ. அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன்.

“தம்பி, அந்த ஏழு வீட்டிலும் ஒருத்தரும் இல்லை. லைற் போடுறது நான்.”

“என்னக்கா சொல்லுறியள்?”

“திறப்பு என்னட்டைத்தான் இருக்கு. நான்தான் போடுறனான். அங்காலை கடற்கரை ஒழுங்கையிலைதான் சனம் இருக்கு. குஞ்சு குருமானெல்லாம் இருக்கு. போய்ப் பாருங்கோ.”

தம்பி அதை ஆங்கிலத்தில் சொன்னான். ஜப்பான்காரர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கட வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேக்கிறார்.”

“நான்.”

“நீங்களும் வேறை ஆரும்?”

“நான் மட்டும்.”

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் நின்று அதை என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

நான் வீடு வந்து சேர முன்னரே, யாரோ எடுத்த வீடியோ கனடாவுக்கும் பாரிசுக்கும் போய்விட்டது. பாரிஸ் மச்சாள்தான் முதலில் ரெலிபோன் எடுத்தாள்.

“சனத்துக்கு முன்னாலை எங்கட வீட்டை ஆளில்லாத வீடெண்டு சொல்லுவியளோ?”

“அதுக்குள்ளை ஆள் இல்லைத்தானே,” என்றேன். ரெலிபோனை வைத்துவிட்டாள்.

அண்ணை ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அப்ப வெள்ளவத்தைதான்,” என்று மட்டும் சொன்னார். மாரி முடியட்டும் என்று கெஞ்சித் தவணை வாங்கினேன்.

திருத்திய வரைபடத்தைக் கந்தோரில் பார்த்தேன். கடற்கரை ஒழுங்கை மஞ்சளாகியிருந்தது. எங்கள் ஒழுங்கை வெள்ளை, பிறகு பார்க்கிற பட்டியலில். ஆனால் என் வீடு இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு நீலப் புள்ளி இருந்தது. என்னவென்று கேட்டேன்.

“பாதை வெள்ளத்திலை மூடப்படுற இடத்திலை தனிய இருக்கிறாக்களை, எச்சரிக்கை வந்தவுடனை முதல்லை போய் ஏத்துறதுக்கு. ஜப்பான்காரர் போக முன்னம் இதைப் போடச் சொல்லி நிண்டவர். அவரின்ரை ஊர் வரைபடத்திலை அவரின்ரை அம்மாவுக்கும் இப்பிடி ஒண்டு இருக்காம்.”

அதைக் கேட்டு நான் அழுதேன். அவமானத்திலா சந்தோசத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த மாரியிலேயே புள்ளிக்கு வேலை வந்தது. புயல் எச்சரிக்கை சொன்ன பின்னேரம் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஒன்று படலைக்கு வந்தது. ஓட்டி வந்தவன் அன்றைக்குக் கடைசி வாங்கில் இருந்தவளின் புருசன். கடற்கரை ஒழுங்கைக்குக் கல் கொட்டி மேடாக்கியிருந்ததால் அவனால் வெளியே வர முடிந்தது. நான் ஏறினேன். அவன் வண்டியை எடுக்காமல் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மற்றாக்கள் எங்கை அக்கா?”

“இல்லை. நான்தான்.”

இருபது பேர் நிற்கக்கூடிய பெட்டிக்குள் ஒரு பையுடன் நின்றபடி போனேன். பள்ளிக்கூட மண்டபத்தில் அவன் பெண்சாதி பாயில் இடம் விட்டுத் தந்தாள், தேத்தண்ணி தந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காற்று உரக்கிற ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்தது. எனக்கு எண்ணிப் பார்க்க ஆள் இருக்கவில்லை. வீட்டில் தனியே இருப்பதைவிட அது மோசமாக இருந்தது.

திரும்பக் கொண்டுவந்து விடும்போது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “இந்தமுறை வந்தனான் அக்கா. இன்னும் கொஞ்சம் தண்ணி கூடினால் உங்கட ஒழுங்கைக்குள்ளை ட்ரக்டரை இறக்க ஏலாது.”

அன்றைக்கே அண்ணைக்கு, வெள்ளவத்தைக்குப் போறன் என்று சொன்னேன். தை பிறந்ததும் உடுப்புகளை அடுக்கினேன். திறப்புகளை யாரிடம் கொடுப்பதென்று யோசித்தேன். கொடுக்க ஆள் இல்லாததால் அவற்றையும் பைக்குள் வைத்தேன். ஒரு வேலைதான் மிச்சம். அந்த உழவு இயந்திரக்காரப் பிள்ளை அடுத்த மாரிக்கு வீணாக வரக்கூடாது. சொல்லிவிட்டுப் போவோம் என்று கந்தோருக்குப் போனேன்.

தம்பி சந்தோசப்பட்டான். “நல்ல முடிவு அக்கா. அண்ணைக்கும் நிம்மதி.” கம்பியூட்டரில் வரைபடத்தைத் திறந்து எங்கள் ஒழுங்கையைப் பெரிதாக்கினான். “அப்ப இந்தப் புள்ளியை எடுத்துவிடுறன். அதோடை இந்த ஒழுங்கையையும் திட்டத்திலை இருந்து எடுத்துவிடலாம். இனி அதுக்கொரு தேவையும் இல்லைத்தானே.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். கை மவுசில் இருந்தது.

“தம்பி, கொஞ்சம் பொறும்.”

“என்னக்கா?”

“இப்ப எடுக்க வேண்டாம். வாற மாரியையும் பாப்பம்.”

“அண்ணை ஏசமாட்டாரோ?”

“ஏசுவார்.”

அவன் மவுசிலிருந்து கையை எடுத்தான். “அப்ப ட்ரக்டர்காரனுக்குச் சொல்லிவைக்கட்டோ?”

“ஓம், சொல்லும். தண்ணி ஏற முன்னம் வரச் சொல்லும். ஒராள்தான் எண்டும் சொல்லிவிடும். மற்றாக்களைப் பாத்துக்கொண்டு நிக்காமல் எடுக்கட்டும்.”