தம்பி ஏன் தலைக்கவசத்தைக் கழற்றினான்

“அடிபட்டுச் செத்தவன் எண்டு நினைவு மலரில போடாத பிள்ளை. திடீர் சுகயீனம் எண்டு போடு. சனம் என்ன கதைக்கும்?” என்றார் சித்தப்பா.

அப்படிப் போட மாட்டேன். என் தம்பி ஐஸ் ஹொக்கியில் அடிபட்டு இறந்தான். இன்று அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த மலரை வாங்கும் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பி கரவெட்டியில் பிறந்தான். அப்பாவை ஷெல்லடியில் இழந்த பிறகு அம்மாவோடும் என்னோடும் மொன்றியல் வந்தான். அங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் வளர்ந்தான். வில்லரே பூங்காவின் பனித்தளத்தில், யாரோ கழித்துவிட்ட சறுக்குச் சப்பாத்தோடு சறுக்கப் பழகினான். அவன் வேகத்துக்கு யாரும் ஈடில்லை. ஆனால் வேகத்துக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மொன்றியலுக்கு வெளியே ஒரு சிறிய ஊர் அணி அவனை அடிப்பதற்காகவே எடுத்தது. தங்கள் நல்ல ஆட்டக்காரனை எவனாவது இடித்தால், தம்பி இறங்கி அவனை அடிக்க வேண்டும். சனம் அதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கியது.

முதல் வருடமே ஒருவன் மட்டையால் முகத்தில் போட்டான். முன்பற்கள் போயின. தாடையைக் கம்பியால் கட்டினார்கள். அம்மா கஞ்சியை வடித்து, ஸ்ட்ரோ வைத்துக் கொடுத்தார். தம்பியும் சும்மா இருக்கவில்லை. ஒருவனின் மூக்கை உடைத்தான், இன்னொருவனின் புருவத்தைக் கிழித்தான். அதையும் மறைக்க மாட்டேன்.

“தெப்பனர்காரா, பால் எங்கேடா?” என்று, மூலைக்கடை வைத்திருப்பவன் என நக்கலடித்து, எதிரணிச் சனம் பிரெஞ்சில் கத்தும்.

“பால் இல்லை அக்கா, மிச்சக் காசைக் குடுத்திட்டு வந்தனான்” என்று வீட்டுக்கு வந்து என்னிடம் வீங்கிய கையைக் காட்டிச் சிரிப்பான்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தீர்கள்? பிறந்தநாள் வீடுகளில் அவன் அடிக்கும் சண்டை வீடியோவைப் போட்டீர்கள். “எங்கட சிங்கமடா! அந்தக் குத்தைத் திருப்பிப் போடு” என்று சித்தப்பா கைதட்டினார். சாமத்தியவீட்டு மண்டபத்தில் அவனை எழுப்பி, எப்படிக் குத்தினாய் என்று செய்துகாட்டச் சொன்னீர்கள்.

பிறகு அவனுக்குத் தலையிடி வந்தது. வெளிச்சம் பார்க்க முடியாமல் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தான். இன்னும் ஒரு அடி விழுந்தால் ஆள் தப்பாது என்று டாக்டர் சொன்னார். பயிற்சியாளர் தொலைபேசி எடுத்தார், ஆள் குறைகிறதாம்.

“போகாதையடா.”

“போகாட்டி வேற ஆளை எடுப்பாங்கள் அக்கா. எனக்கு வேற என்ன தெரியும்?”

போனான். சித்தப்பாவும் ஒரு வான் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனார். ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் சண்டை மூண்டது. தம்பி கையுறையை எறிந்தான், தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தான். தாடையில் குத்து விழுந்தது. மல்லாக்க விழுந்தான். பின்மண்டை ஐஸில் மோதிய சத்தம் மேலே இருந்தவர்களுக்கும் கேட்டது. காதிலிருந்து இரத்தம் வழிந்தது. சனம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்கவேயில்லை.

செத்தவீட்டுக்கு அவனை அடித்தவன் வந்தான். ஆறடிக்கு மேல் உயரமான கியூபெக்காரன். வலது கை வீங்கியிருந்தது. அம்மா அவனைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என்ர பிள்ளை ஏன் தலையில போட்டதைக் கழட்டினவன்?”

பிரெஞ்சில் நான் சொன்னேன். அவன் பெட்டியைப் பார்த்தபடி பதில் சொன்னான். “நான் முதலில் கழற்றினேன். கவசத்தில் குத்தினால் கை உடையும். ஒருவன் கழற்றினால் மற்றவனும் கழற்ற வேண்டும். அது எங்களுக்குள் மரியாதை.”

அம்மா அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“உன்ர கை உடையக் கூடாதெண்டு என்ர பிள்ளை தலையைக் குடுத்திட்டான். இந்தக் கையால இனி ஒருத்தருக்கும் அடியாத அப்பு.”

அதையும் சொன்னேன். அவன் அழுதான். பயிற்சியாளர் வரவில்லை.

ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், ஒவ்வொரு நாளும் சமைத்துக் கொண்டுவந்த கீழ்வீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அடித்தவனுக்கும் நன்றி. அவன் உண்மையைச் சொன்னான்.

அந்தச் சண்டை வீடியோ உங்களில் பலரிடம் இருக்கிறது. சித்தப்பா, உங்களிடமும் இருக்கிறது. அழித்துவிடுங்கள். அழித்த பிறகு அம்மாவைப் பார்க்க வாருங்கள். தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.