மாட்டுக்கு மந்திரித்த ஆங்கிலம்

படிப்பகப் பலகையில் இதை ஒட்டுகிறேன். சிரிப்பவர்கள் வெளியே போய்ச் சிரிக்கவும்.

எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் நான் இரண்டு முறை தவறியது ஊரறிந்தது. நாளை மூன்றாவது முறை.

இன்று காலை சாணார்பட்டி பஸ்ஸில் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே திண்டுக்கல் வந்தேன். "ஹார்ட், கடுமையாக. ஹார்ட்லி, அரிதாக. லேட், தாமதமாக. லேட்லி, சமீபமாக."

முன்சீட்டு அக்கா திரும்பி ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார்.

"தம்பி, மாடு ரெண்டு நாளா தண்ணி குடிக்கல. பூசாரிகிட்டத்தான் போறேன். நீயே சித்த மந்திரிச்சுக் குடுப்பா."

"மந்திரமில்லக்கா, பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"எதா இருந்தா என்ன? இம்புட்டு நேரமா மனசு ஓடாமச் சொல்றியே, அது போதும்."

பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். வழக்கமாக நடுவில் இரண்டு சொல்லாவது இடம் மாறிவிடும். ஒரு வாயில்லாத ஜீவனின் தாகம் என் நாக்கில் இருந்ததால், இன்று முழுப் பட்டியலும் பிசகாமல் வந்தது.

அக்கா பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பூசாரியை மறந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

நாளையும் அந்த மாட்டை நினைத்துத்தான் எழுதுவேன். தேறாமல் விடுவதில்லை.

சாணார்பட்டிப் பக்கத்தார் விசாரித்து, மாடு தண்ணீர் குடித்ததா என்று இதன்கீழ் எழுதவும். குடிக்கவில்லை என்றால் மட்டும் நாளை சாயங்காலத்துக்குப் பிறகு எழுதவும்.